கை, பேர், லயம்: தோட்டத்து இங்கிலீஷில் ஒளிந்திருந்த அணிகள்

போன லீவுக்கு அட்டன் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் ஓ.எல். பரீட்சைக்கு ரெடியாகிக்கொண்டிருந்தாள். ஆங்கில இலக்கியப் பாடம் எடுத்திருக்கிறாள். மலையகப் பள்ளிகளில் அந்தப் பாடம் எடுக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம், அதனால் வீட்டில் அவளுக்குத் தனி மரியாதை. கொப்பியில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் உதாரணம் என்று எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். சிமிலி, மெட்டாஃபர், பெர்சானிஃபிகேஷன், மெட்டோனிமி, சினெக்டகி, யூஃபமிசம், ஐரனி. சினெக்டகிக்கு நேரே "ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்" என்று இருந்தது. கப்பலில் தலைவன் போடும் சத்தம். எல்லாக் கைகளும் மேல்தளத்துக்கு வா என்றால் எல்லா ஆட்களும் வா என்று அர்த்தம். ஒரு உறுப்பைச் சொல்லி முழு ஆளைக் குறிப்பது.

கப்பலையே பார்க்காத பிள்ளை அது. "இது எப்பிடி ஞாபகம் வைக்கிறது அக்கா?" என்று கேட்டாள். அடுப்படியில் இருந்த அப்பாயி, கொழுந்து மலையில் நாற்பது வருசம் நின்றவர், எங்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அடுப்படியில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. இந்தக் கட்டுரை அந்தப் பஸ் பயணத்தில் ஆரம்பித்தது.

முதலில் ஒரு சின்ன விசயம். தமிழ் இலக்கண வகுப்பில் ஆகுபெயர் படித்திருப்போம். "தலைக்கு ஒரு பழம் கொடு" என்றால் தலையில் பழத்தை வைப்பதில்லை, ஆளுக்கு ஒன்று கொடுக்கிறோம். நன்னூல் வழியில் இதற்குச் சினையாகுபெயர் என்று பேர். சினை என்றால் உறுப்பு. இங்கிலீஷ்காரன் சினெக்டகி என்று கிரேக்கச் சொல்லில் சொல்வதன் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். மெட்டோனிமி என்பதும் ஆகுபெயர்தான், அங்கே உறுப்புக்குப் பதிலாக இடமோ தொழிலோ பக்கத்தில் இருக்கும் பொருளோ நிற்கும். ஒரு பீரியடில் ஆகுபெயர் படித்துவிட்டு அடுத்த பீரியடில் மெட்டோனிமியைப் புது மிருகம் மாதிரிப் பார்க்கிறோம். இரண்டு டீச்சர்மாரும் ஒரே ஸ்டாஃப் ரூமில்தான் டீ குடிக்கிறார்கள்.

சரி, கைகளுக்கு வருவோம். ஆங்கிலத் தோட்ட முதலாளிகளின் எழுத்தில் தொழிலாளி பெரும்பாலும் ஆளாக வருவதில்லை. ஒன்று கையாக வருவான், இல்லாவிட்டால் "லேபர்" என்று வருவான். "லேபர்" என்பது உழைப்பு, ஒரு தொழிலின் பெயர். அது உழைக்கிறவர்களுக்கு ஆகி வந்தது. எங்களுக்கு இத்தனை லேபர் வேணும், லேபர் பற்றாக்குறை, லேபர் வந்து சேரவில்லை என்று எழுதும்போது, அங்கே வயிறு, வாய், காய்ச்சல், கைக்குழந்தை எதுவும் கணக்கில் வராது. இந்த அணியை அடையாளம் காண எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்: எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று மட்டும் பார்க்காமல், எதை விட்டுவிட்டார்கள் என்றும் பார்ப்பது. கையை எடுத்தவன் வாயை விட்டுவிட்டான். கப்பலிலும் அப்படித்தான், மில்லிலும் அப்படித்தான், மலையிலும் அப்படித்தான்.

இதைவிட விசித்திரமான கதை "கூலி" என்ற சொல்லுக்கு. தமிழில் கூலி என்றால் வேலைக்குக் கிடைக்கும் சம்பளம். பழைய சொல்தான். அது ஆங்கிலத்துக்குள் போய், சம்பளத்தைக் குறிப்பதை விட்டு, சம்பளம் வாங்கும் ஆளைக் குறிக்க ஆரம்பித்தது. குஜராத்துக் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வாரும் உண்டு, இரண்டு ஓடையும் கலந்திருக்கலாம். எப்படியானாலும் கரீபியன், மொரிஷியஸ், ஃபிஜி, மலாயா, இலங்கை என்று ஆங்கிலேயக் கொடி பறந்த இடமெல்லாம் அந்தச் சொல் சுற்றி, கடைசியில் வசவாக நம்ம மண்ணுக்கே திரும்பி வந்தது. நம்ம வீட்டுச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் நம்ம நெற்றியிலேயே ஒட்டிய மெட்டோனிமி.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையகத்துக்கு இடப்பெயர்வு 1820களில் கோப்பித் தோட்டங்களோடு தொடங்கியதாகக் கணக்கிடுகிறோம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வியாபாரப் பயிராகப் போட்டது 1867. இரண்டு வருசத்தில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை மலையை மூடியது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து திரும்பிப் போனவர்கள், தேயிலைக்கு வருசம் முழுக்க இருக்க வேண்டியதாகிவிட்டது. இருக்க வேண்டும் என்றால் வீடு வேண்டும். அங்கேதான் "லைன்" வருகிறது.

லைன் என்றால் கோடு, வரிசை. பட்டாளத்துக் குடியிருப்புகளை அப்படித்தான் சொன்னார்கள். தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களை வரிசையாகக் கட்டி அதற்கும் அதே பெயர். நாங்கள் அதை லயம் ஆக்கிக்கொண்டோம். காலையில் ஆள் எண்ணும் இடத்துக்குப் "பெரட்டுக் களம்" என்று சொல்வோமே, அந்தப் பெரட்டும் "பரேட்" என்ற பட்டாளச் சொல்தான். ஆக, கூடாரமும் அணிவகுப்பும் போலத் தோட்டத்தை நினைத்தவர்கள் வைத்த பெயர்கள். பழகிப் பழகி உருவகம் என்பதே மறந்துபோன உருவகத்தை இங்கிலீஷில் செத்த மெட்டாஃபர் என்பார்கள். மேசைக்குக் கால், ஊசிக்குக் காது மாதிரி. லயமும் பெரட்டும் எங்களுக்குச் செத்த உருவகங்கள். ஆனால் 5 மணிக்குத் தப்பு அடித்து எழுப்பி, வரிசையில் நிறுத்தி, எண்ணி அனுப்பிய காலத்தில் அவை நல்ல உயிரோடுதான் இருந்திருக்கும்.

தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். பூண்டுலோயா பக்கம் டன்சினன் என்று ஒரு தோட்டம். பஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வெறும் இறங்கும் இடம். டன்சினன் ஸ்கொட்லாந்தில் ஒரு குன்று, ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் மக்பெத்தின் கோட்டை இருக்கும் இடம். பேர்னம் காடு டன்சினன் குன்றுக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. காடு எப்படி நடக்கும் என்று அவன் நிம்மதியாக இருக்கிறான். படை வீரர்கள் கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள், காடு நடந்துவிடுகிறது. அல்யூஷன், அதாவது ஒரு பழைய கதையையோ இடத்தையோ பெயரால் தொட்டுக்காட்டுவது, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த டியூஷன் நோட்டிலும் கிடைக்காது. பெயர் வைத்த துரை நாடகத்தை நினைத்தாரா, சொந்த ஊர்க் குன்றை நினைத்தாரா என்பது வேறு கதை. தலவாக்கலையில் ஹோலிரூட், கினிகத்தேனைப் பக்கம் கெனில்வேர்த் என்று, தாய்நாட்டு அரண்மனையும் கோட்டையும் நம்ம மலையில் எழுந்து நிற்கின்றன.

துரைமார் பக்கத்து மொழிப் பாடமும் ஒரு சுவாரசியம். புதிதாக வரும் சின்னத் துரைக்குத் தமிழ் தெரிய வேண்டும். அதற்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஒரு கையேடு அச்சானது, ஏ. எம். ஃபெர்குசன் எழுதியது. அதன் பெயர் "இங்கே வா". தலைப்பே ஏவல் வினை! பின்னால் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு கையேடு வந்தது, அதன் பெயரில் தமிழுக்கு முன்னால் கூலி என்று அடைமொழி. அவர்கள் நம்ம மொழியைக் கற்றார்கள், ஏவுவதற்குத் தேவையான அளவு. அவர்கள் மொழியை நமக்குக் கற்றுத்தர அவ்வளவு அவசரப்படவில்லை. தோட்டப் பள்ளி பெரும்பாலும் ஓராசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு சரி. அவை அரசின் கைக்கு வர 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1914இல் பூண்டுலோயா மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். பெரிய கங்காணிக் குடும்பம். இதை மறைக்கக் கூடாது, லயத்துப் பிள்ளைக்கு அன்று கிடைக்காத இங்கிலீஷ் அவருக்குக் கிடைத்ததற்கு அது ஒரு காரணம். அட்டனில் படித்தார், கொழும்பு நாலந்தாவில் படித்தார், கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தார், பிறகு தொழிற்சங்கம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் போன ஏழு பேரில் ஒருவர், தொகுதி தலவாக்கலை. அடுத்த வருசமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. அவருக்கு ஓட்டுப் போட்ட சனத்தின் பெரும்பகுதிக்கு அடுத்த தேர்தலில் ஓட்டு இல்லை. 1952 பாராளுமன்றத்தில் காங்கிரஸ் சார்பில் ஒருவர்கூட இல்லை.

1950களின் முதற்பாதியில் அவருடைய ஆங்கில நெடுங்கவிதை வெளிவந்தது: "இன் சிலோன்ஸ் டீ கார்டன்". தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்டன் என்றால் பூந்தோட்டம், உலாவும் இடம். தேயிலைப் பெட்டி மேல் படம் போட ஏற்ற சொல். உள்ளே போனால் விடியற்காலைத் தப்புச் சத்தம் வருகிறது, விடியல் ஒரு ஆளைப் போலத் திடுக்கிடுகிறது, செடிக்கு அடியில் கல்லறைகூட இல்லாமல் மண்ணோடு மண்ணாகப் போன முன்னோர் வருகிறார்கள். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்த கொழும்பு வாசகனுக்கும் லண்டன் வாசகனுக்கும் காலின் கீழ் நிலம் நழுவும். ஐரனி என்பதை முரண்நகை என்று தமிழில் சொல்கிறோம். இங்கே நகை கொஞ்சமும் இல்லை, முரண் மட்டும் நிற்கிறது.

விடியலைத் திடுக்கிட வைத்ததைக் கவனியுங்கள், அது பெர்சானிஃபிகேஷன். உயிரில்லாத ஒன்றுக்கு ஆள் தன்மை கொடுப்பது. பரீட்சையில் இவ்வளவு எழுதினால் ஒரு மார்க் கிடைக்கும். ஆனால் ஏன் அப்படி எழுதினார் என்று யோசித்தால்தான் சரித்திரம் வருகிறது. சட்டப் புத்தகத்திலும் செக்ரோலிலும் ஆள் கையாகி, லேபராகி, எண்ணாகிப் போன காலம் அது. ஆளிடமிருந்து ஆள் தன்மையைப் பிடுங்கிக்கொண்ட இங்கிலீஷில், அதே இங்கிலீஷைக் கொண்டு, பனிக்கும் விடியலுக்கும் ஆள் தன்மை கொடுக்கிறார். மலையே அந்தச் சனத்துக்காக அதிர்கிற மாதிரி. அவர் இப்படிக் கணக்குப் போட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கும்போது எனக்கு அப்படித்தான் படுகிறது.

யாருக்காக இங்கிலீஷில் எழுதினார் என்ற கேள்வி அடிக்கடி வரும். லயத்தில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? கிட்டத்தட்ட யாரும் இல்லை. சக்தீ அ. பாலையா அதைத் தமிழாக்கி "தேயிலைத் தோட்டத்திலே" என்று கொண்டுவர 1960களின் கடைசி ஆகிவிட்டது. எனக்கும் இது ஒரு காலத்தில் உறுத்தியது. இப்போது உறுத்தல் குறைந்திருக்கிறது. குடியுரிமையைப் பறித்த சட்டம் இங்கிலீஷில் எழுதப்பட்டது. எழுதியவர்களின் பாஷையிலேயே, அவர்கள் பள்ளிக்கூடத்தில் ரசிக்கப் பழகிய அணிகளிலேயே பதில் எழுத ஒருவர் தேவைப்பட்டார். அவர் தமிழை விட்டுவிடவும் இல்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 1984இல் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் புத்தகமாக்கினார். 1970இல் வந்த அவருடைய ஆங்கில உரைநடை நூலின் தலைப்பு "போர்ன் டு லேபர்". லேபர் என்றால் உழைப்பு, பிரசவ வேதனையும் அதே சொல்தான். பிறந்தது உழைக்க என்றும் கேட்கலாம், வேதனைக்குள் பிறந்தவர்கள் என்றும் கேட்கலாம். சிலேடை. முதலில் பார்த்தோமே, தொழிலாளியை விழுங்கிய அந்த "லேபர்", அதையே எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

அவருக்கு முன்னால் கோ. நடேசய்யரும் இருந்தார். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில் துணி வியாபாரி வேசத்தில் உள்ளே போய்ப் பார்த்தவர், அட்டனில் தொழிற்சங்கம் கட்டியவர். 1920களில் அவர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகையின் பெயர் "தி சிட்டிசன்". குடிமகன்! அதே சொல்லை வைத்து 1948இல் சட்டம் வந்தபோது நடேசய்யர் உயிரோடு இல்லை, 1947இலேயே போய்விட்டார்.

சட்டத்து இங்கிலீஷில் யூஃபமிசம் நிறைய. கசப்பான ஒன்றை மெதுவான சொல்லால் மூடுவது, தமிழில் இடக்கரடக்கல், மங்கலம் என்றெல்லாம் படித்தோமே அந்தக் குடும்பம். ஆனால் செத்தவரைத் துஞ்சினார் என்பதும், ஆளை வெளியேற்றுவதை "ரீபேட்ரியேஷன்" என்பதும் ஒன்றல்ல. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தார்கள். 1974இல் அவர்களைப் பாதிப் பாதியாக, 75,000 – 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ரீபேட்ரியேஷன் என்றால் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல். போனவர்களில் எத்தனையோ பேர் பிறந்தது இந்த மலையில். பார்த்தே இராத இடத்துக்கு எப்படித் "திரும்புவது"? தமிழ்நாட்டு அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், ஊரில் அவர்களைச் "சிலோன்காரங்க" என்பார்கள். காகிதத்தில் தாயகம் திரும்பியவர், தெருவில் சிலோன்காரர்.

துரைமாரும் சட்டமும் மட்டும்தான் அணி பேசின என்று நினைத்துவிட வேண்டாம். நம்ம சனம் பேசும் தோட்டத் தமிழ் ஒரு பொக்கிசம். "இன்னைக்கு பேர் கெடச்சிச்சா?" என்று கேட்பார்கள். பேர் என்றால் அன்றைய நாள் சம்பளம். செக்ரோலில் பெயருக்கு நேரே புள்ளி விழுந்தால் சம்பளம், அதனால் பெயரே சம்பளமாகிவிட்டது. சொன்ன கிலோ எடுக்காவிட்டால் "அரைப் பேர்". அதற்குமேல் எடுத்தால், ஞாயிற்றுக்கிழமை எடுத்தால், "கைக்காசு". 1921 வரை ஒரு ஆளை இன்னொரு தோட்டம் எடுக்க, கடன் தொகை எழுதிய ஒரு காகிதம் வேண்டியிருந்தது, அதற்குத் "துண்டு" என்று பேர். துரைமாரின் ஆங்கில அறிக்கைகளிலும் அது துண்டு என்றே ஏறியது. ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் முழுக் கடனையும் நடமாட்டத்தையும் குறித்தது.

அரைப் பேர் என்ற சொல்லை நான் சின்ன வயசில் இருந்து கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அதன் கொடுமை காதில் ஏறாமலே போனது. முழு நாளும் மழையில் நின்ற ஒரு பொம்பளையின் பெயரைப் பாதியாக வெட்டலாம் என்று ஒரு மொழி சொல்கிறது. அதைச் சொன்னது துரை இல்லை, நாங்களேதான், நக்கலாகவா வேதனையாகவா என்று தெரியாத ஒரு குரலில். கவிதைப் புத்தகத்தில் வந்திருந்தால் கோடு போட்டு வைத்திருப்போம்.

இன்னொரு ஆகுபெயரும் உண்டு, அது நாங்களே ஆசையோடு வைத்துக்கொண்டது. மலையகம். இடத்தின் பெயர் அங்கே வாழும் மக்களுக்கு ஆகி வந்தது, சுத்தமான இடவாகுபெயர். குடிசன மதிப்பீடு 1911இல் இருந்து "இந்தியத் தமிழர்" என்று தனிக் கட்டம் போட்டு எழுதியது. வந்த இடத்தைச் சொல்லும் பெயர் அது. இருக்கும் இடத்தைச் சொல்லும் பெயரை எங்கள் ஆட்கள் எழுதிப் பேசிப் போராடி நிலைக்க வைத்தார்கள். 2023இல், 200 வருச நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் தூக்கிப் பிடித்ததும் அந்தச் சொல்லைத்தான்.

பஸ் இறங்கியதும் சித்தி மகளுக்கு வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். ஏழு மெசேஜ். அவள் பொறுமைசாலி. கொப்பியில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, கப்பல் உதாரணத்துக்குப் பக்கத்தில் "கொழுந்தெடுக்கும் கை" என்று எழுதிப் படம் அனுப்பினாள். மெட்டோனிமிக்குப் "பேர்". அல்யூஷனுக்கு டன்சினன். அப்பாயியிடம் அரைப் பேர் பற்றிக் கேட்டாளாம், "எத்தனை தடவைன்னு எண்ணுனா உனக்குப் பரீட்சை முடிஞ்சிரும்" என்றாராம். அது ஹைபர்போலி என்று அவளே எழுதி வைத்திருந்தாள், எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

ரீபேட்ரியேஷனுக்கு நேரே மட்டும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. "யூஃபமிசமா ஐரனியா அக்கா? ரெண்டும் எழுதினா மார்க் குடுப்பாங்களா?"